ஜெலாகாட் எதற்காகத் திரும்பிப் போனாள்

மேட்டுப் பள்ளிக்கூடம்,
ஏப்ரல் 11.

அன்புள்ள கிலிமோ அண்ணனுக்கு,

தங்கை ஜெமுதாய் எழுதுவது. அப்பா, உன் மகள் செபெட், நான், மூவரும் மலைக்கு மேலே பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். இரண்டு வேளை சோள மாவுக் களி, உகாலி, கிடைக்கிறது. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தை உன்னோடு ஓடுகிற கொரிர் உன்னிடம் சேர்ப்பான். விடுப்பு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறான். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இரண்டு முறை முயன்றேன். முதல் முறை நீ அழுதுகொண்டே இருந்தாய். இரண்டாம் முறை, ஒப்பந்தம் முடிந்து மாதக் கடைசியில் வருகிறேன், எனக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லி சித்தப்பா வீட்டு யானோவிடம் சொல் என்றாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். ஒன்று என்றால் துப்பாக்கி என்பது இங்கே பால் மறக்காத குழந்தைக்கும் தெரியும்.

அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை யாரோடும் பேசாதே.

அப்பாவின் இடது கண் போய்விட்டது. மாடு ஓட்டிப்போக ஆற்றைக் கடந்து வந்த அக்கரைக்காரர்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் உள்ளேயே நசுங்கிவிட்டதாம். எல்டோரெட் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். வலி இல்லை என்கிறார். மாடுகளைப் பற்றி மட்டும் பேசுகிறார், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி. செபெட் முதல் பன்னிரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் காலையில் தேநீரில் சர்க்கரை போதவில்லை என்றாள். நான் வெளியே போய் சுவரோடு நின்று அழுதேன். இப்போது பேசுகிறாள். ஆனால் யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் போதும், என் முதுகில் ஏறி அப்படியே ஒட்டிக்கொள்கிறாள். நாலு வயதுக் குழந்தை. இறக்கிவிட அரைமணி நேரம் ஆகிறது.

இனி ஜெலாகாட் அண்ணியைப் பற்றி.

அடக்கத்துக்கு நீ வர முடியவில்லை. நீ வரும்வரை வைத்திருக்கவும் முடியவில்லை. கீழே இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று குழியருகே என்ன பேசிக்கொண்டார்கள் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தப்பித்து வந்தவள் வீட்டுச் சாமானுக்கு ஆசைப்பட்டுத் திரும்பிப் போய்ச் செத்தாள் என்று பேசிக்கொண்டார்கள். அடுக்களை டப்பாவில் இருந்த பணத்துக்காகப் போனாள் என்று ஒருத்தி. நீ அனுப்பிய ரேடியோவுக்காக என்று இன்னொருத்தி. அப்பாவும், “பொருள்தான் பெருசுன்னு போயிட்டா, புள்ளய விட்டுட்டு,” என்றார். அண்ணியின் அம்மா அங்கேதான் இருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அண்ணி எதற்காகத் திரும்பிப் போனாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரியில் என் இடது காலின் முன்னெலும்பில் மயிரிழை விரிசல் என்று தெரிந்தபோது நான் முதலில் உனக்குத்தான் போன் செய்தேன். ஜப்பான் போன இரண்டாம் வருடம் உனக்கும் அதே கால், அதே இடம். ஓட்டத்தை நிறுத்து, ஆனால் படுத்துக் கிடக்காதே, காலைச் சுற்றிக் கட்டுகிற பிரேஸ் போட்டு நட என்றாய். புதிது வாங்கி வர நாள் ஆகும் என்று உன் பழைய பிரேஸையே அனுப்பினாய். எல்டோரெட் எலும்பு மருத்துவமனையில் பிரேஸ் பொருத்துகிற வெகேசா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல பொருள் என்றார். உன் கால் பெரிது என்பதால் முன்பக்கப் பிளாஸ்டிக் ஓடு, பின்பக்க ஓடு இரண்டின் ஓரத்தையும் சீவினார், உள்ளே புதிய நுரைப்பஞ்சு ஒட்டினார், காற்றுப் பை கெண்டைக்காலைச் சுற்றி எங்கே அழுத்த வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டார். முன்பு ஒற்றைக்காலில் ஒரு தடவை குதித்தாலே உயிர் போகும். பிரேஸைக் கட்டிக் காற்று ஊதியதும் எழுந்து நடந்தேன், வலி பாதியாகிவிட்டது. ஆறு வாரம் என்றார். வலிக்காத அளவுக்கு நடக்கலாம், வலித்தால் நிறுத்த வேண்டும். பகலில் ஒரு மணி நேரம் கழற்றித் தோலைக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும்.

பயிற்சி முகாமில் இருந்தால் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து நானும் ஓடிவிடுவேன் என்று பயிற்சியாளர்தான் என்னைப் பள்ளத்தாக்கில் நம் வீட்டுக்கு அனுப்பினார். ஜூனில் தேர்வு ஓட்டம். அதுவரை எலும்பு சேர்ந்துவிட்டால் ஐயாயிரம் மீட்டரில் எனக்கு இடம் உண்டு, அவசரப்பட்டால் இந்த வருடம் போச்சு என்றார். ஆறு வாரத்தில் ஐந்தாவது வாரம் அது. பிப்ரவரி இருபத்து மூன்று, பிற்பகல் மூன்று மணி.

பிரேஸைக் கழற்றிக் கல் சுவர்மேல் வெயிலில் வைத்திருந்தேன். நான் மாமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அண்ணி எதிரே பயறு உரித்துக்கொண்டிருந்தாள். செபெட் அவள் மடியில் தூங்கினாள். கீழே சோளக் கொல்லைப் பக்கம் சுட்டார்கள். ஊர்க்காவலர் குரங்கு விரட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். பிறகு பக்கத்து வீட்டுச் செரூயோட் பெரியப்பா வரப்பில் ஏறி வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கீழ்த்தாடை மார்புப் பக்கம் தொங்கியது. அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்து மலைப்பக்கம் கையைக் காட்டினார். காட்டின கையோடு முகம் குப்புற விழுந்தார்.

அண்ணி பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். வாய்க்காலில் அன்று மேலைக் குடிக்காரர்களின் தண்ணீர் முறை, நம் பக்கம் காய்ந்து கிடந்தது. அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிக் குனிந்து ஓடினோம். ஒரு நூறு அடி போயிருப்பேன். எலும்பில் சூட்டுக்கோலை வைத்த மாதிரி இருந்தது, விழுந்துவிட்டேன். மலையேற்றம் தொடங்கும் இடத்தில் பெரிய பாறை இருக்கிறதே, அதன் பின்னால் அண்ணி என்னை இழுத்துப் போட்டாள்.

அண்ணா, இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது நான் சொன்னது இதுதான்: “பிரேஸ் இல்லாம என்னால ஏற முடியாது அண்ணி. எலும்பு ஒடஞ்சுரும்.”

உயிர் பிழைக்க வேண்டும் என்று அதைச் சொன்னேனா என்றால், இல்லை. தவழ்ந்துகூட ஏறியிருப்பேன், பாறை இடுக்கில் ஒளிந்திருப்பேன், எத்தனையோ பேர் அப்படித் தப்பித்தார்கள். எலும்பு உடைந்தால் ஜூன் ஓட்டம் போய்விடுமே என்ற நினைப்பு எனக்கு அந்த நேரத்திலும் இருந்தது. கீழே ஆட்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு ஓட்டப் பந்தயம் ஞாபகம் வந்தது.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. “புள்ளயப் புடி. வாயப் பொத்திக்க, அழுதுருவா,” என்றாள். அவ்வளவுதான். வாய்க்கால் வழியே திரும்பி ஓடினாள். நான் தடுக்கவில்லை. வேண்டாம் என்ற சொல் என் வாயில் இருந்தது, அதை நான் சொல்லவில்லை.

அவள் எடுத்துவிட்டாள். சுவர்மேல் கையை நீட்டி எடுத்ததைப் பாறை இடுக்கு வழியே பார்த்தேன். மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நம் வீட்டு முற்றத்துக்குள் அதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் பள்ளிக்கூடத்து நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். அவன்தான் சுட்டான். இரண்டு வெடி. அண்ணி வாய்க்கால் கரையில் இருந்து உள்ளே உருண்டாள். எனக்கும் அவளுக்கும் பதினைந்து அடி இருக்கும். அவர்கள் வந்து பார்க்கவில்லை. வீட்டுக்குள் போனார்கள், கூரைக்குத் தீ வைத்தார்கள்.

செபெட்டை முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தவழ்ந்து போனேன். அண்ணியின் இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று. மண் அவள் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது, குமிழி விட்டது. கண் திறந்திருந்தது. உடனே உயிர் போய்விட்டது என்று உனக்குச் சொன்னார்கள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். போகவில்லை அண்ணா. என்னைப் பார்த்தாள். முதுகில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிரேஸை என் பக்கம் தள்ளினாள்.

“கட்டிக்க,” என்றாள்.

நான் கட்டிக்கொண்டேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் நான் காலை நீட்டி, முன்னோட்டைப் பொருத்தி, பின்னோட்டைப் பொருத்தி, நாலு பட்டையையும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டினேன். வெகேசா சொல்லிக்கொடுத்த வரிசை. குழாயை வாயில் வைத்துக் காற்று ஊதினேன். பஞ்செல்லாம் நனைந்திருந்தது, சூடாக இருந்தது. அந்த நேரம் முழுவதும் அண்ணியின் கை என் வலது கணுக்காலைப் பிடித்திருந்தது. வலி தாங்காமல் பிடித்தாளா, போகாதே என்று பிடித்தாளா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் இதைத்தான் நினைக்கிறேன். எழுந்திருக்க முடியவில்லை. குனிந்து அவள் விரல்களைப் பிரித்தேன். சுண்டுவிரல் கடைசிவரை விடவில்லை. அதை மடக்கித்தான் எடுத்தேன்.

ஓடினேன். முதுகில் உன் மகள் அவள் அம்மாவைப் பார்த்தபடியே வந்தாள். முதல் திருப்பத்தை அடைந்தபோது கீழே ஒரு வெடிச் சத்தம் தனியாகக் கேட்டது. நான் திரும்பவில்லை. எனக்கு முன்னால் ஏறிய ஒரு பெண்ணின் காலடியில் கல் பெயர்ந்து உருண்டது, அவளும் சேர்ந்து உருண்டாள், என் தோளை உரசிக்கொண்டு போனாள். அவளையும் நான் பிடிக்கவில்லை. மேலே வந்து சேர்ந்தபோது சூரியன் இன்னும் இருந்தது. நம் பள்ளத்தாக்கில் ஒன்பது இடத்தில் புகை. காலைத் தொட்டுப் பார்த்தேன். வலி இருந்தது. உடையவில்லை.

அன்று செத்த ஆறு பேரைப் புதைத்தோம் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். அதன் பிறகு நடந்ததையும் உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். ஒன்பதாம் நாள் யானோவும் பத்துப் பேரும் ஆற்றைக் கடந்தார்கள். ஒன்பது பேர் திரும்பினார்கள். இருபது ஆடு கொண்டுவந்தார்கள். யானோ பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னான். அண்ணிக்காகத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தான். நம் சித்தப்பா பிள்ளை, சிறுவயதில் கோழியறுக்கவே பயந்தவன்.

“அங்க ஒருத்தி தண்ணி எடுத்துட்டு வந்தா. சுட்டேன், விழுந்துட்டா. தண்ணிக் கேன மட்டும் விடல. நல்ல கேனு, எடுத்துக்கலாம்னு இழுத்தேன். செத்த பொறவும் விடவே இல்ல,” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு நிற்கவில்லை. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தான், பிறகு எழுந்து போய் வாந்தி எடுத்தான். இப்போது அவன் யார் கையிலிருந்தும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. தூங்குவதும் இல்லை. போன வாரம் எதிரே வந்த சொந்தத் தம்பியை அடையாளம் தெரியாமல் கத்தியால் வெட்டிவிட்டான், முழங்கையில் பதினாலு தையல்.

யானோ கூட்டம் ஆற்றைக் கடந்து வந்த ஐந்தாம் நாள் அக்கரைக்காரர்கள் கீழ்ச் சாலையில் லாரியை மறித்தார்கள். ஓட்டுநரும் சந்தைக்குப் போன இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். லாரியை எரித்தபோது ஒருத்தி உள்ளேதான் இருந்தாள். அதற்குப் பதிலாக இப்போது இங்கே இன்னொரு கூட்டம் தயாராகிறது. நீ வருவாய் என்று காத்திருக்கிறார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் முன்னால் நடந்தால் இன்னும் நாற்பது பேர் பின்னால் வருவார்களாம்.

மார்ச் கடைசியில் எல்டோரெட் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், அப்பாவைக் கண்ணுக்குக் கட்டுப் பிரிக்கக் கூட்டிப் போன இடத்தில் வெகேசா பார்த்துவிட்டார். படம் எடுக்க வைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒற்றைக்காலில் பத்துத் தடவை குதிக்கச் சொன்னார். குதித்தேன். ஒன்றுமே இல்லை. “அருமையா சேந்துருச்சு தாயி. ஒண்ணுமே நடக்காத காலு மாதிரி இருக்கு,” என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பஞ்சில் இருந்த கறை என்ன என்று கேட்டார். மாம்பால் என்றேன்.

எலும்பு உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நானும் ஏதோ கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

பயிற்சியாளர் தினமும் போன் செய்கிறார். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, வந்துவிடு என்கிறார். இங்கே பெண்கள் என்னைப் பார்த்தால், அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விரிசல் காலோடு மலை ஏறியவள் என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன ஞாயிறு சபையில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் பார்த்தார்கள். அண்ணியின் அம்மாவும் பார்த்தார். நான் நின்றேன் அண்ணா. அப்போதும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். உனக்குச் சொல்லிவிட்டு அவரிடம் போய்ச் சொல்வேன். அப்பாவிடமும். சாமானுக்காகப் போனாள் என்ற பேச்சு அவள் குழிமேல் இருக்கக் கூடாது. என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

நீலச் சட்டைக்காரனைத் தேடி நீ ஆற்றைக் கடப்பாய். அவன் உனக்குக் கிடைக்க மாட்டான். தண்ணீர் எடுத்து வருகிற யாரோ ஒருத்திதான் கிடைப்பாள். அல்லது நீ கிடைப்பாய் அவர்களுக்கு. உன்னை ஏவிவிடுகிறவர்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை இப்போது நீ தெரிந்துகொண்டாய். அவளைக் கொன்றவன் அந்தப் பக்கம் இருக்கிறான், அது உண்மை. அவளைத் திரும்பிப் போக வைத்தவள் இந்தப் பக்கம் இருக்கிறாள்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். எல்டோரெட்டில் இறங்கியதும் யானோவுக்குப் போன் செய்யாதே. கீழ்ச் சாலை வண்டியில் ஏறாதே. மேட்டுச் சாலை வழியாக நேரே இங்கே வா. எந்த நாள், எந்த வண்டி என்று கொரிரிடம் சொல்லி அனுப்பு. செபெட்டை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் தனியாகச் சாலைக்கு வந்து நிற்பேன். உன் கோபத்தை எங்கேயும் கொண்டுபோகாமல் முதலில் என்னிடம் கொண்டுவா. அடித்தால் அடி. பேச வேண்டாம் என்றால் பேசாமல் போ. ஓடாதே இனி என்றால் ஓடவில்லை. ஓடு என்றாலும் நீதான் சொல்ல வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகும் உனக்கு ஆற்றைக் கடக்கத்தான் வேண்டும் என்றால், பிள்ளையை ஒரு முறை தூக்கிக்கொண்டு, அதன் பிறகு போ.

உன் மகள் உன்னைக் கேட்கிறாள். அப்பா வரும்போது துப்பாக்கி கொண்டுவருவாரா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

வழியெல்லாம் கடவுள் உன் கூடவே இருக்கட்டும். வெறுங்கையோடு வந்து சேர்.

உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமலும் பாராமல் இருக்க முடியாமலும்,
உன் தங்கை
ஜெமுதாய்